கரையில் வைத்த கேன்

அங்காளம்மாள் அந்தக் கேள்வியை மறுபடியும் கேட்டாள். பட்டினப்பாக்கம் பஸ் நிலையத்துக்கு எதிரே ஈரச் சாக்கின் மேல் சங்கராவையும் நெத்திலியையும் பரப்பி வைத்துவிட்டு, ஈ ஓட்டிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள். அவளுக்கு முன்னால் ஸ்கூட்டரைக் காலால் தாங்கியபடி நின்றவர் மீன் வாங்க வந்தவர் இல்லை. மந்தைவெளியில் அவர் வீட்டுக்குள் வெங்காயம் நுழைந்ததே அவருக்குக் கல்யாணம் ஆன பிறகுதான்.

“நீங்க அவன் பக்கத்துலயே குந்திக்கினு ஏரோப்ளேன் ஓட்டுனவரு. உங்களாண்ட சொல்லாதத அவன் வேற யாராண்டயும் சொல்லிருக்க மாட்டான். எம்புள்ள இன்னாத்துக்கு சார் அந்தக் கேனக் கரையிலயே வெச்சிட்டுப் போனான்?”

“தெரியலம்மா” என்றார் கேப்டன் ஸ்ரீநாத். பச்சைப் பொய்.

அவளுடைய மகன் நந்தகுமார் ஆனி மாதத்தில் ஒரு காலை, தான் கூடத் தொழிலுக்குப் போகும் லாசரின் ஃபைபர் படகைத் தனியாகத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போனான். திரும்பவில்லை. படகு மட்டும் வடக்கே பழவேற்காட்டுக்கு எதிரே, நடுக்கடலில் அகப்பட்டது. மோட்டாரின் டாங்கில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் இல்லை. சீனிவாசபுரம் கரையிலோ, படகு வழக்கமாகக் கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில், மணலில் நன்றாக அழுத்தி நிறுத்தப்பட்டு, வாய்வரை நிரம்பிய மண்ணெண்ணெய்க் கேன் ஒன்று இருந்தது. படகோடு போக வேண்டிய உபரிக் கேன் அது. அந்தக் குப்பத்தில் சோற்றுத் தூக்கை மறந்துவிட்டுப் போனவர்கள் உண்டு. கேனை மறந்துவிட்டுப் போனவர் எவரும் இல்லை.

ஆகவே குப்பம் தானே ஒரு முடிவுக்கு வந்தது. விமானம் ஓட்டிக்கொண்டிருந்த பையன், வேலை போனவன், ஊர் முன்னால் தலைகாட்ட வெட்கப்பட்டு, வேண்டுமென்றே கேனை இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். அப்படிப் போனவன் ஆள் கூப்பிடுவான் என்பது அவர்கள் நம்பிக்கை. லாசரின் படகில் கால் வைக்க ஒருவரும் வரவில்லை. இழுத்து வந்த பிறகு அது கரையில் கவிழ்ந்தே கிடந்தது. பொழுது சாயும் நேரத்தில் முகத்துவாரத்துப் பக்கம் மோட்டார் இழுத்து இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்கிறது என்று சொன்னார்கள். பிணமும் கிடைக்கவில்லை. காரியம் செய்ய அங்காளம்மாள் விடவுமில்லை. அவள் அழவும் இல்லை. அவன் திரும்பி வரப் போனானா, வரவே கூடாது என்று போனானா, அது தெரியாமல் எப்படி அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அது தெரிந்த மனிதர் அவள் எதிரில் நின்று பொய் சொல்லிவிட்டு, ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

ஏன் பொய் சொன்னார் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். வானம் தனியாருக்குத் திறந்துவிடப்பட்ட அந்த வருடங்களில் கையில் நாலு காசு இருந்தவர்களுக்கெல்லாம் விமானக் கம்பெனி ஆசை வந்தது. அதற்கு முந்தைய தலைமுறையாக இருந்தால் கல்யாண மண்டபம் கட்டிவிட்டுச் சும்மா இருந்திருப்பார்கள். அப்படிப் பிறந்ததுதான் பவளம் ஏர்வேஸ். தி.நகரில் ஆபீஸ், மீனம்பாக்கத்தில் இரண்டு அறை, இறக்கையில் காற்றாடி சுழலும், குத்தகைக்கு எடுத்த விசிறி விமானங்கள் கொஞ்சம். மதுரை, திருச்சி, கோயம்புத்தூர், பெங்களூர் என்று பக்கத்து ஊர்களுக்குப் பறந்தன. விசிறி விமானம் மெதுவாகத்தான் போகும், ஆனால் குறைவாகக் குடிக்கும். மதுரை போன்ற தூரத்துக்கு அது போதும்.

முதலாளிக்கு அது போதவில்லை. எதிர்க் கம்பெனிக்காரனிடம் ஜெட் இருக்கிறது, நம்மிடம் இல்லையே என்று ஒரு ஜெட்டையும் கொண்டுவந்து இறக்கினார். டாலரில் வாடகை. மதுரைக்குப் போகும் ஜெட், ஏற வேண்டிய உயரத்துக்கு ஏறி மூச்சு வாங்குவதற்குள் இறங்க வேண்டியிருக்கும். ஏறும்போது அது குடிக்கிற குடியை அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூத்த கேப்டன்கள் எல்லாம் ஜெட்டுக்குப் பயிற்சி எடுக்க ஓடினார்கள். ஸ்ரீநாத் விசிறியிலேயே தங்கினார். ஞானம் ஒன்றும் இல்லை, அவருடைய முறை வரவில்லை, அவ்வளவுதான். தமக்குக் கிடைத்ததிலேயே பெயர் எடுப்பது என்று அவர் தீர்மானித்தார்.

பெயர் எடுக்க வழி இருந்தது. எண்ணெய் விலை ஏற ஆரம்பித்தவுடன் மீனம்பாக்கத்து அறையில் கம்பெனி ஒரு கரும்பலகை மாட்டியது. எந்தக் கேப்டன் எவ்வளவு எண்ணெய் மிச்சம் பிடித்தார் என்று வாரா வாரம் சாக்கட்டியால் எழுதுவார்கள். மிச்சப் பலகை என்று அதற்குப் பெயர். விமானிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கணக்குப்படி போட வேண்டிய எண்ணெய், சட்டப்படி வைத்திருக்க வேண்டிய இருப்பு, இரண்டும் போக, கேப்டன் தன் மனத் திருப்திக்காக மேலே கொஞ்சம் போடச் சொல்லலாம். ஸ்ரீநாத் அந்த மனத் திருப்தியை நிறுத்தினார். எண்ணெயைச் சுமப்பதற்கும் எண்ணெய் எரிகிறது என்பார். சட்டம் சொல்வதற்கு மேல் ஒரு சொட்டு ஏற்ற மாட்டார். மிச்சப் பலகையில் முதல் பெயர் அவருடையது, மாதக்கணக்கில் அசையவே இல்லை.

அவருக்கு வலது பக்கத்தில் உட்கார்ந்த கோ-பைலட்தான் நந்தகுமார். மீன் கூடையும் அரசு உதவித்தொகையுமாகச் சேர்ந்து படிக்க வைத்த பையன். அவர்கள் குடியிருப்பு அடையாற்று முகத்துவாரத்தின் ஓரம். மேல்காற்று அடிக்கும் மாதங்களில் விமானங்கள் கடலைச் சுற்றிக்கொண்டு வந்து அந்த முகத்துவாரத்தின் மேலாகத்தான் இறங்கும். தலைக்கு மேலே போனதையெல்லாம் பார்த்து வளர்ந்து, கடைசியில் அதற்குள்ளேயே ஏறி உட்கார்ந்துவிட்டான். கணக்கில் புலி. ஸ்ரீநாத்தின் சிக்கனத்தை அவன் வேதம் போல எடுத்துக்கொண்டான். விமான அறைக்குள் பேச்செல்லாம் இங்கிலீஷ்தான். ஆனால் கடலிலிருந்து கரைக்குள் நுழையும்போது ஸ்ரீநாத் எண்ணெய் இருப்பைக் கேட்பார், அவன் எண்ணைச் சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இன்னும் கீது சார்” என்பான். அந்தப் பாஷையை ஸ்ரீநாத் வேறு யாரிடமும் அனுமதித்ததில்லை.

அந்த நாட்களில் அவனுக்கு அவர் ஒரு வாக்குக் கொடுத்தார். “இந்தப் பலகையில நம்ம பேர் மேல இருக்கிற வரைக்கும் உன் வேலைக்கு ஒண்ணும் வராது, நந்தா.” நம்பிக்கையோடுதான் சொன்னார். தப்பாகச் சொன்னார்.

மெட்ராஸ் சென்னையான அந்த வருடம் எண்ணெய் விலை கம்பெனியின் கழுத்தைப் பிடித்தது. கடனுக்கு எண்ணெய் ஊற்றுவதை நிறுத்திவிட்டார்கள். காலையில் தி.நகரிலிருந்து ஆள் பணம் எடுத்துக்கொண்டு வந்து சேரும்வரை பிரயாணிகள் ஏறி உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பார்கள். முதலில் ஜெட் திரும்பிப் போனது. அடுத்து ஒரு விசிறி விமானம் போனது. விமானம் போய்விட்டால் விமானிகள் என்ன ஆவார்கள்? மேலே இருந்தவர்கள் ஒரு படி இறங்கினார்கள். ஜெட்டுக்குப் போய் விசிறிப் பழக்கம் விட்டுப்போன கேப்டன்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விசிறி விமானத்தின் வலது இருக்கையில் வந்து உட்கார்ந்தார்கள். அந்த இருக்கையில் இருந்த பையன்களுக்கு இறங்குவதற்குக் கீழே படி இல்லை. பலகையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலையில் யார் முதலில் சேர்ந்தது என்று மட்டும் பார்த்தார்கள். நந்தகுமார் வீட்டுக்குப் போனான்.

கொஞ்ச காலம் மற்ற கம்பெனிகளுக்கு அலைந்தான். அவையும் அதே எண்ணெயைத்தான் குடித்தன. பறக்காமல் இருந்தால் லைசென்ஸ் தானாகச் செத்துப்போகும், அதற்கும் வழி தெரியவில்லை. கடைசியில் அப்பாவின் பழைய கூட்டாளி லாசரோடு கடலுக்குப் போக ஆரம்பித்தான். சித்திரை கடைசியில் ஒரு நாள் மந்தைவெளிக்கு வந்து கேப்டனைப் பார்த்தான். அவர் மனைவி மதுவந்தி காபி கொடுத்தாள். வெயிலில் கறுத்திருந்தான், ஆனால் முகம் தெளிவாகவே இருந்தது.

படகைப் பற்றித்தான் பேசினான். விமானத்துக்கு ஊற்றுவதும் மண்ணெண்ணெய் ஜாதிதான், படகு மோட்டாருக்கு ஊற்றுவதும் மண்ணெண்ணெய்தான் என்று சொல்லிச் சிரித்தான். லாசர் எப்போதும் உபரிக் கேன் ஒன்றைச் சுமந்துகொண்டு போகிறார், அந்தப் பாரத்தில் படகு இழுக்கிறது, போக இவ்வளவு, வர இவ்வளவு, மேலே கொஞ்சம் என்று டாங்கிலேயே அடங்கிவிடும் என்று விரலால் மேஜையில் போட்டுக் காட்டினான்.

“லாசர் அண்ணன் ஒத்துக்க மாட்டேங்குது சார். கேனத் தொட்டாலே திட்டுது. ஒரு நாள் தனியா போய் வந்து காட்டப் போறேன்.”

ஸ்ரீநாத் உரக்கச் சிரித்தார். தம்முடைய பாடம் கடலுக்கும் போய்விட்டதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். “காட்டு” என்றார்.

லாசருக்கு ஜுரம் வந்த அன்றைக்குத்தான் அவன் காட்டப் போனான். மேல்காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும் மாதம். போவது சுகம், வருவது பாடு. எதிர்காற்றில் வருவதற்கு அவன் மேலே போட்டுவைத்த கொஞ்சம் போதவில்லை.

அன்று முற்பகல் ஸ்ரீநாத் மதுரையிலிருந்து வந்துகொண்டிருந்தார். கடல் மேல் திரும்பும்போது கீழே ஒரு சின்னப் படகைப் பார்த்தார். ஓடும் படகுக்குப் பின்னால் வெள்ளையாகக் கோடு விழும். அதற்கு விழவில்லை. வலை போட்டிருக்கிறான் போல என்று நினைத்துக்கொண்டார். அது இவன் படகுதானா என்று யாராலும் சொல்ல முடியாது. கடலில் ஆயிரம் படகு. ஆனால் அந்த வாரம் பலகையில் அவருடைய எண் அதுவரை யாரும் எட்டாத மிச்சமாக இருந்தது. கூட வேலை செய்தவர்கள் கைகொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து, காணாமல் போனவன் பெயர் காதில் விழுந்தது.

அதிலிருந்து அந்தக் குரல் ஆரம்பித்தது. கடலிலிருந்து கரைக்குள் நுழையும்போது ஸ்ரீநாத் வழக்கம்போல இருப்பைக் கேட்பார். வலது பக்கத்தில் இருந்த முன்னாள் ஜெட் கேப்டன் சுருக்கமாக எண்ணைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார். அதற்கு அப்புறம், காதுக்கு வெகு பக்கத்தில், இன்னும் கீது சார். முதல் தடவை ஸ்ரீநாத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. குப்பத்துக்காரர்கள் கேட்டதாகச் சொன்ன மோட்டார் சத்தத்தை அவர் நம்பினார். அவருக்குக் கேட்டது அதைவிட மோசம், அது சந்தோஷமான குரல்.

அவர் எண்ணெய் கூடுதலாகக் கேட்க ஆரம்பித்தார். முதலில் கொஞ்சம், பிறகு நிறைய. ஊற்றுகிறவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். ஸ்கூட்டர் டாங்க் நிரம்பியிருக்கும்போதே பெட்ரோல் பங்க்கில் போய் நின்றார். வீட்டில் குடிக்கிற தண்ணீர்ப் பானை பாதி குறைந்தாலே எழுந்து போய் நிரப்பினார். மிச்சப் பலகையில் அவருடைய பெயர் ஒவ்வொரு வரியாகக் கீழே வந்து, ஆவணி மாதத்தில் அடியில் நின்றது.

தி.நகர் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். ராஜகோபாலன் என்று ஒரு மேனேஜர், கெட்டவர் இல்லை, கம்பெனி மூழ்கிக்கொண்டிருந்ததால் தூக்கம் கெட்டவர். ஜன்னலுக்கு வெளியே பாண்டி பஜார் இரைந்துகொண்டிருந்தது. இருக்கிற இரண்டு விமானத்தில் இன்னொன்றையும் திருப்பி அனுப்பலாமா என்று பேச்சு நடக்கிறது, இந்த நேரத்தில் உங்களுக்கு என்ன வந்தது என்று கேட்டார்.

“நீங்க தினம் வீணாச் சுமந்துண்டு போற எண்ணெய்ல ஒரு கோ-பைலட்டுக்குச் சம்பளம் கொடுத்துடலாம், கேப்டன். யோசிச்சுப் பாருங்கோ.”

ஸ்ரீநாத் யோசித்துப் பார்த்தார். மாதக்கணக்கில் அவர் மிச்சம் பிடித்த எண்ணெயில் ஒரு கோ-பைலட்டுக்குச் சம்பளம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லையே. அது எங்கே போயிற்று? கேள்வி வாய்வரை வந்தது. கேட்கவில்லை. இந்த மாதம் பார்ப்போம், அப்புறம் எங்கள் கையில் இல்லை என்று ராஜகோபாலன் அனுப்பி வைத்தார்.

அங்கிருந்து திரும்பும்போதுதான் வீட்டைத் தாண்டிப் போய்ப் பட்டினப்பாக்கத்தில் ஸ்கூட்டர் தானாக நின்ற மாதிரி நின்றது, அங்காளம்மாள் கேட்டாள், அவர் தெரியாது என்றார்.

மதுவந்தி சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டு அவரையே பார்த்தாள். பாட்டு சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள். எங்கே சுருதி விலகுகிறது என்று அவளுக்குத் தெரியும். நந்தகுமார் வந்த அன்றைக்குக் காபி கொடுத்தவளும் அவள்தான், மேஜையில் அவன் விரலால் கணக்குப் போட்டதைப் பார்த்தவளும் அவள்தான். ஆனால் “காட்டு” என்ற சொல் மட்டும் அவள் காதில் விழவில்லை. அதையும் இப்போது ஸ்ரீநாத் சொல்லிவிட்டார். அவள் சுவரைவிட்டு நிமிர்ந்தாள்.

“நீங்க சொன்னதுனால அவன் போனான்னு எனக்குத் தோணலை. தோணினாலும் இப்ப என்ன பண்றது? ஆனா அந்த அம்மா பிள்ளை வேணும்னே செத்துப் போயிட்டான்னு நெனச்சுண்டு ஒவ்வொரு நாளும் மீன் வித்துண்டிருக்கா. உங்க மேல பழி வந்துடும்னு அதை நீங்க வாயில போட்டு அடக்கிண்டிருக்கேள். இது நன்னா இல்லை.”

நன்றாக இல்லைதான். அடுத்த நாள் அவருக்குப் பறக்கும் வேலை இல்லை. பிற்பகலில் நடந்தே போனார். அங்காளம்மாள் பாதிக் கூடை விற்றிருந்தாள். அவர் எதிரே குந்தி உட்கார்ந்ததும் அவள் கை நின்றது. அவர் அதுவரை உட்கார்ந்ததில்லை. “அந்தக் கேனைப் பத்தி” என்று ஆரம்பித்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“இங்க வாணாம் சார். எங்க குப்பத்துல வந்து சொல்லு. நீ இன்னா சொல்லப் போறியோ, அதுங்க காதுல வுழணும்.”

மீனைப் பக்கத்துக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு முன்னால் நடந்தாள். கரையில் லாசர் கவிழ்ந்து கிடந்த படகின் நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். அந்தக் கேன் அங்கேயே இருந்தது. பாதி மணலில் புதைந்து, மேலே உப்புப் பூத்து, யாரும் தொடாமல் இருந்தது. ஸ்ரீநாத் அதைப் பார்த்ததும் ஒரு கணம் திரும்பி ஓடிவிடலாமா என்று நினைத்தார். அங்காளம்மாள் பெயர் பெயராகக் கூப்பிட்டாள். ஆண்களும் பெண்களுமாக வந்து நின்றார்கள். விமானம் ஓட்டுகிற ஐயர் எதற்கு வந்திருக்கிறார் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர் சுருக்கமாகத்தான் சொன்னார். பாரம் குறைந்தால் எண்ணெய் மிச்சம் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது தாம் என்றார். படகில் அதைச் செய்து காட்டப் போவதாக அவன் தம் வீட்டுக்கு வந்து சொன்னதையும், தாம் சிரித்ததையும், காட்டு என்று சொன்னதையும் சொன்னார்.

“கேனை மறக்கலை. சாகவும் போகலை. போக, வர, ரெண்டுக்கும் சேர்த்துத்தான் அவன் கணக்குப் போட்டான். அந்தக் கணக்கு என்னுது. காத்தை விட்டுட்ட கணக்கு.”

லாசர் வலையைக் கீழே வைத்தார். முகத்தில் கோபம் ஏறியது, யார் மேல் என்று அவருக்கே தெரியாத கோபம். “முந்தின நாளு எங்கிட்ட இதுக்குத்தான் சண்ட போட்டான்” என்றார், பொதுவாக எல்லோரையும் பார்த்து. “வேணும்னா பாருண்ணே, இது இல்லாமயே போய்ட்டு வரேன்னான். வரேன்னுதான் சொன்னான். எனக்கு ஜுரத்துல புத்தி மழுங்கிப்போச்சு, ஊரு சொன்னதையே நானும் நம்பிட்டேன்.”

அங்காளம்மாள் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். “கேட்டுக்கினீங்களா? எம்புள்ள திரும்பி வரத்தான் கணக்குப் போட்டுக்கீறான்.”

சொன்னவள் அப்படியே மணலில் உட்கார்ந்து, அத்தனை நாள் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். மாரில் அடித்துக்கொண்டு, அவன் பெயரைச் சொல்லி, கடலைத் திட்டி அழுதாள். பெண்கள் வந்து அவளைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்கள். ஸ்ரீநாத்தை யாரும் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. அவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அவர் கிளம்பும்போது அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

“நீ இப்ப ஓட்டுறப்போ எண்ணெ ஜாஸ்தியா எடுத்துக்கினு போறியா சார்?”

“எடுத்துண்டு போறேம்மா.”

“எடுத்துக்கினு போ. எவன் இன்னா சொன்னாலும்.”

எவன் என்ன சொல்வான் என்பது அந்த மாதக் கடைசியில் தெரிந்துவிடும். இருந்த இரண்டில் ஒரு விமானம் திரும்பிப் போகிறது என்பது கிட்டத்தட்ட முடிவாகியிருந்தது. பலகையின் அடியில் இருக்கிற பெயருக்கு என்ன நடக்கும் என்பதை யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வாரம் மதுரையிலிருந்து கிளம்பும்போதும் ஸ்ரீநாத் கூடுதலாகத்தான் ஊற்றச் சொன்னார். வலது இருக்கைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

முகத்துவாரம் நெருங்கியது. கீழே குப்பத்துக்கு எதிரே ஒரு படகு ஓடிக்கொண்டிருந்தது, பின்னால் வெள்ளைக் கோடு நீளமாக விழுந்தது. லாசரின் படகாகவும் இருக்கலாம். ஸ்ரீநாத் இருப்பைக் கேட்டார். வலது இருக்கைக்காரர் எண்ணைச் சொன்னார். ஸ்ரீநாத் காத்திருந்தார்.

அந்தக் குரல் வரவில்லை. அவர் மறுபடியும் கேட்டார். வலது இருக்கைக்காரர் எரிச்சலோடு அதே எண்ணை மறுபடியும் சொன்னார். விசிறிகளின் இரைச்சலைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. இத்தனை நாள் எதற்குப் பயந்தாரோ அது போய்விட்டது. அது போனதை அவரால் தாங்க முடியவில்லை.

“இன்னும் கீது” என்று அவரே சொல்லிவிட்டு, சக்கரத்தை இறக்கச் சொன்னார்.